தோட்ட வேலையும் நாரி நோவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையும் கிணறுமே இங்குள்ள பயிருக்கு ஆதாரம். புத்தூரிலும் அதனை அடுத்த நவக்கிரி, சிறுப்பிட்டி, நீர்வேலி, ஆவரங்கால் ஆகிய ஊர்களிலும், ஒருபால் மாரியை நம்பிய நெல்வயல்களும் மற்றொருபால் கிணற்றை நம்பிய செம்மண் தோட்டங்களும் உள்ளன. காலபோக நெல் தை, மாசி மாதங்களில் வீடு வந்து சேர்ந்த பின்னும் கமக்காரருக்கு ஓய்வு கிடையாது. வெங்காயம், மிளகாய், புகையிலை, கத்தரி என்று தோட்ட வேலை தொடர்கிறது. ஆண்டின் எந்த மாதத்தை எடுத்துக்கொண்டாலும், அம்மாதத்திற் குனிந்து செய்யவேண்டிய வேலை ஒன்று காத்திருக்கும்.

அவ்வேலையின் அளவை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஒரு பரப்பு நிலம் ஏறக்குறைய 250 சதுர மீற்றர் ஆகும். சின்ன வெங்காயத்தைப் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நட்டால், வரம்புக்கும் வாய்க்காலுக்கும் ஐந்தில் ஒரு பங்கை விட்டாலும், ஒரு பரப்பிலே 20,000 வெங்காயம் நடப்படும். ஒவ்வொன்றும் குனிந்த முதுகோடு ஒருவர் விரலால் மண்ணில் ஊன்றியது. நாலு பரப்பு நட்டு முடிப்பதாயின் அது 80,000 தடவை. இதன்பின் களையெடுப்பும் கிண்டுதலும் உள்ளன.

கமக்காரர் ஒருவருக்கு நாரி பிடித்துவிட்டால் நட்டம் நோவோடு நிற்பதில்லை. நடுகைக்கென எடுத்து வைத்த விதைவெங்காயம் முளைவிடத் தொடங்கும். நட்ட பாத்திகள் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை நீர் கேட்கும். கூலிக்கு ஆள் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விளைவின் ஆதாயத்தை அக்கூலி தின்றுவிடும். சில பரப்பு நிலத்தைக்கொண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்திலே, கமக்காரரின் முதுகும் அவர் மனைவியின் முழங்காலுமே முதற் பொருள். இயந்திரத்தின் சத்தம் சற்று மாறினால் உடனே கழற்றிப் பார்ப்பவர்களும், மாடு ஒருவேளை தீன் எடுக்காவிடின் மிருக வைத்தியரிடம் ஓடுபவர்களும், தமது நாரியின் உழைவை மட்டும் "வயது போனால் அப்படித்தான்" என்று ஆண்டுக்கணக்காக விட்டுவிடுவது வியப்பே. உலகில் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 62 கோடி மக்கள் நாரி நோவினால் வருந்தினர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுட் பலருக்கு நோவு குறைந்திருக்கக்கூடிய வழிகள் இருந்தன.

இத்துண்டுப் பிரசுரத்திற் கூறப்படுபவை மிகுந்த செலவு வேண்டாதவை. ஒரு பிடியை மாற்றுதல், ஒரு வேலையை முன்பின்னாக வைத்தல், ஒரு சுமையை இரண்டாக்குதல் போன்றவையே.

துலாவும் முள்ளந்தண்டும்

நீர் இறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன் இப்பகுதித் தோட்டக் கிணறுகளில் துலாவே நீரை மேலே கொண்டுவந்தது. ஆடுகாலின்மேல் நீண்ட துலா கிடக்கும். ஒருவரோ இருவரோ அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர்; கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் சாய்ப்பார். துலாமிதிப்பு அருகிவிட்ட போதிலும், வீட்டுக் கிணற்றிலாவது துலாவைக் கண்டிராத மூத்த கமக்காரர் இலர். மனித முதுகின் தொழிலை விளக்குவதற்கு அதனிலும் பொருத்தமான உவமை வேறில்லை.

வீட்டுக் கிணற்றுத் துலாவில் நுனிப்பக்கம் நீளம், அடிப்பக்கம் குட்டை. நுனியிலே தொங்கும் ஒரு வாளி நீரைத் தூக்குதற்கு, அடியிலே அதனினும் மிகப் பாரமான கல்லைக் கட்டவேண்டியிருக்கிறது. குனிந்து பாரந்தூக்கும் மனிதனின் உடம்பும் இவ்வாறே அமைந்துள்ளது. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியை ஆடுகால் எனக் கொள்ளலாம். கையிலுள்ள பாரம் நுனிப்பக்கத்திலே, முள்ளந்தண்டிலிருந்து ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் முன்னே தொங்குகிறது. அதனை எதிர்த்து இழுக்கும் முதுகுத் தசைகளோ 5 சென்ரிமீற்றர் அளவே பின்னே உள்ளன. அளவு பத்துக்கு ஒன்று. ஆகவே 20 கிலோகிராம் பாரத்தைத் தாங்குதற்கு அத்தசைகள் 200 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையோடு இழுக்கவேண்டும். அதே பாரத்தை உடம்போடு நெருக்கி 25 சென்ரிமீற்றருக்குள் கொண்டுவந்தால் வேண்டிய விசை பாதியாகிவிடும். மேலும், தலை, தோள், கை ஆகியவற்றின் நிறை இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. அவையும் துலாவின் நுனிப்பக்கத்திலேயே தொங்குகின்றன. வெறுங்கையோடு குனிந்து களை பிடுங்குபவருக்கும் நாரி உழைவது இதனாலேயே ஆகும்.

இவ்விசை முள்ளென்புகளுக்கு இடையேயுள்ள மெத்தை போன்ற இடைத்தட்டுக்களை நெரிக்கிறது. சுவீடன் தேசத்து வைத்தியர் அல்ப் நக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் இடைத்தட்டினுள் ஊசியைச் செலுத்தி அவ்வழுத்தத்தை அளந்தார். பின்னர் ஜேர்மனியில் உல்ம் நகர ஆராய்ச்சியாளர் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகள் கமக்காரர் அறியத்தக்கவை. நேரே நிற்கும்போது உள்ள அழுத்தத்தை ஒன்று எனக் கொண்டால், முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோகிராமைத் தூக்கும்போது அது நாலரை மடங்குக்கு மேலாயிற்று. முழங்காலை மடித்துத் தூக்கியபோது மூன்றரை மடங்கு அளவு. பாரத்தை உடம்போடு அணைத்து நின்றபோது இரண்டு மடங்கு அளவே. முழங்காலை மடி என்று பலரும் புத்தி சொல்வர். அதனிலும் பயன் தருவது பாரத்தை வயிற்றோடு அணைத்தல் என்பது இவ்வளவுகளால் விளங்கும்.

இவ்விலக்கங்களைக் கண்டு பாரந்தூக்குதலே கேடு என்று அஞ்சலாகாது. முதுகு கண்ணாடியினாற் செய்யப்பட்டதன்று. ஒழுங்காக உழைக்கும் தசையும் என்பும் உழைப்பினாலேயே உறுதிபெறுகின்றன. பழக்கமில்லாத பாரத்தைத் திடீரெனத் தூக்குதலும், களைத்த பின்னும் விடாது தொடர்தலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே நிலையில் நெடுநேரம் குனிந்திருத்தலுமே வழக்கமாக நோவுக்குக் காரணமாகின்றன. சரியான நிலை ஒன்று உண்டு, அதிலேயே எப்போதும் இருக்கவேண்டும் என்பதும் பிழையான எண்ணம். எந்த நிலையும் மாறாது நீடித்தால் உடம்பு அதனைப் பொறுக்காது.

நீண்ட நேரம் குனிந்தபின்

புதிய கயிற்றிலே பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் அது மெல்ல மெல்ல நீள்வதும், பாரத்தை எடுத்தவுடன் முழுவதும் சுருங்காமல் இருப்பதும் கமக்காரர் அறிந்தவை. முதுகைத் தாங்கும் இணையங்களும் அவ்வாறே இழுபடுகின்றன. கனடாவில் 1992ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், இருபது நிமிடம் நன்றாகக் குனிந்திருந்தவர்களின் முதுகு பழைய இறுக்கத்திற் பாதியளவை இரண்டு நிமிடத்தில் மீளப்பெற்றது. ஆயினும் அரை மணி நேரம் கழித்தும் அது முற்றாக மீளவில்லை.

இதிலிருந்து தோட்டத்துக்கு நேரே பொருந்தும் பாடம் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் குனிந்து நட்டவர் எழுந்தவுடனே இயந்திரத்தையோ பசளை மூடையையோ தூக்கலாகாது. தளர்ந்த கயிற்றிலே உடனே பாரம் ஏற்றுவதற்கு அது ஒப்பாகும். நாரி பிடித்தவர்களை விசாரித்தால், வேலை நடுவே பிடித்தது என்பதிலும், வேலை முடிந்து "சாமானை எடுத்து வைக்கும்போது பிடித்தது" என்று கூறுவோர் பலராயிருப்பதன் காரணம் இதுவாகலாம். நடுகை முடிந்ததும் வரம்பிலே சற்று நடந்து, தண்ணீர் குடித்து, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, அதன்பின் பாரத்தில் கைவைத்தல் நன்று.

வேலையின் நடுவே எப்போது நிமிரவேண்டும் என்பதற்கு மணிக்கூடு வேண்டியதில்லை. ஒரு பாத்தி முடிந்ததும் எழுந்து நிற்பதையே வழக்கமாக்கலாம். பாத்தி நீளமானால் நடுவே ஒரு தடி நட்டு வைக்கலாம். எழுந்தவர் இரு கைகளையும் நாரியில் ஊன்றி, முழங்கால்களை மடக்காமல், மெதுவாகப் பின்புறம் சாய்ந்து நிமிர வேண்டும். ஐந்தாறு தடவை போதும். ஒரு நிமிடமும் செல்லாது. நியூசிலாந்தின் வெலிங்ரன் நகரத்து உடற்பயிற்சி வைத்தியர் றொபின் மக்கென்சி என்பாரிடம் 1956ஆம் ஆண்டில் நாட்பட்ட நாரி நோவோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலிலே தற்செயலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்நிலையிற் சில நிமிடம் கிடந்து எழுந்தபோது அவரது கால் நோவு நீங்கியிருந்தது. அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறை இன்று பல நாடுகளில் வழங்குகிறது. வெங்காயப் பாத்தியில் நிமிரும் பெண்கள் நாரியிலே கைவைத்துச் சாய்வது ஒருவரும் கற்பிக்காமலே உடம்பு கண்ட மருந்தாகும். ஆனால், பின்னே சாயும்போது நோவு காலுக்குள் இறங்குமாயின் அப்பயிற்சி அவருக்கு ஏற்றதன்று. உடனே விட்டுவிட வேண்டும்.

விடியற்காலை வேலை

வெயிலுக்கு முன் வேலையை முடிக்க எண்ணிக் கமக்காரர் இருளோடு எழுகின்றனர். அது நல்ல வழக்கமே. எனினும் ஒரு செய்தியை அறிந்திருத்தல் வேண்டும். இரவு படுத்திருக்கும்போது இடைத்தட்டுக்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் ஒவ்வொருவரும் மாலையிலும் பார்க்க ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரமாயிருப்பது இதனாலேயே. நீரூறிப் பருத்த தட்டு குனியும்போது எளிதில் வளையாது, இழுவை அதிகம். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலே, நாட்பட்ட நாரி நோவுடையோர் காலையிற் குனிவதைத் தவிர்த்தபோது நோவு குறைந்தமை காணப்பட்டது.

ஆகவே எழுந்தவுடன் மண்வெட்டியைத் தூக்கிக் கொத்தத் தொடங்குதல் தகாது. முதல் அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு நின்று நடந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தைச் சுற்றி வந்து பூச்சி பார்த்தல், வேலி பார்த்தல், இயந்திரத்தை இயக்கித் தண்ணீர் மாறுதல் ஆகியன அந்நேரத்துக்கு உரியவை. தண்ணீர் மாறுபவர் ஓரிடத்திற் குனிந்தே நில்லாமல் பாத்திக்குப் பாத்தி நடக்கிறார். வாய்க்காலை வெட்டித் திருப்ப ஓரிரு கொத்து மண்ணே தூக்குகிறார். தோட்ட வேலைகளுள் முதுகுக்கு இதமானது அதுவே. அதனை நாளின் தொடக்கத்திலும், நடுகை, களையெடுப்பு ஆகியவற்றின் இடையிலும் வைப்பது புத்தி. வீட்டில் இருவர் உழைப்பாராயின், ஒருவர் நாள் முழுவதும் நட மற்றவர் நாள் முழுவதும் தண்ணீர் மாறுவதைவிட, மணிக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்வது நன்று. தண்ணீர் மாறுதல் ஆண்களின் வேலை, நடுகை பெண்களின் வேலை என்ற வழக்கம் இதற்குத் தடையாக நிற்கிறது. முழங்காலுக்கு அவ்வழக்கம் தெரியாது.

மண்வெட்டிப் பிடி

மண்வெட்டியை வாங்குபவர் இரும்பைத் தட்டிப் பார்ப்பர், விலையைப் பேசுவர். பிடியின் நீளத்தை அளப்பவரைக் காண்பது அரிது. கடையிலே கிடைத்த பிடியையே ஆறடி உயரமானவரும் ஐந்தடி உயரமானவரும் உபயோகிக்கின்றனர். குட்டையான பிடியோ உயரமானவரை நிலத்தளவுக்கு இழுத்துவிடுகிறது.

இதனாற் பெருந்துன்பம் விளைந்த வரலாறு ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் உண்டு. அங்கு சலாது, சீனிப்பீற்று முதலிய பயிர்களை ஐதாக்குவதற்கும் களையெடுப்பதற்கும் கூலியாட்களுக்கு ஓரடி முதல் இரண்டடி வரை பிடியுள்ள சிறு மண்வெட்டியே கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் மெக்சிக்கோ நாட்டு வழியினரான அவ்வாட்கள் அதனை "குட்டையன்" என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். நாள் முழுவதும் இரண்டாக மடிந்து வேலைசெய்த பலர் நடுவயதிலேயே நிமிரமுடியாதவராயினர். நெடும்பிடி கொடுத்தாற் பயிர் வெட்டுண்டுவிடும், வேலை கெட்டுவிடும் என்பது தோட்டச் சொந்தக்காரரின் வாதம். அதற்குப் பின்னே வேறொரு காரணமும் இருந்தது. குட்டைப்பிடி கையில் இருக்கும்போது நிமிர்ந்தவர் எவரோ அவர் வேலை செய்யவில்லை என்பதைத் தூரத்தில் நிற்கும் கங்காணி எளிதிற் கண்டுகொள்ளலாம். வைத்தியர்கள் சாட்சி கூறினர். ஏழைத் தொழிலாளருக்காக வாதாடும் சட்டத்தரணிகள் வழக்குத் தொடுத்தனர். 1975ஆம் ஆண்டு அம்மாகாண உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை அடுத்து அச்சிறு மண்வெட்டி தடைசெய்யப்பட்டது. சலாது இன்றும் கலிபோர்னியாவில் மிகுதியாக விளைகிறது.

நிமிர்ந்து நிற்பவர் வேலைக் கள்ளர் என்ற எண்ணம் கலிபோர்னியாவுக்கு மட்டும் உரியதன்று. கூலிக்கு ஆள் பிடித்து நடுகை செய்விப்பவர் இதைச் சிந்திக்க வேண்டும். பாத்திக்கு ஒருமுறை நிமிர்பவர் பிற்பகலிலும் காலையைப் போலவே நடுவார். நிமிராதவரின் கை பிற்பகலிற் சோர்ந்து, வெங்காயம் ஆழம் மாறியும் சரிந்தும் நடப்படும்.

பிடியின் நீளத்துக்கு எளிதான சோதனை ஒன்று உண்டு. மண்வெட்டியை நிலத்தில் வைத்து, வழக்கம்போல வேலை செய்யும் நிலையிற் பிடித்துப் பார்க்கவேண்டும். கீழே பிடிக்கும் கை முழங்காலுக்குக் கீழே இறங்குமாயின் பிடி அவருக்குக் குட்டை. ஆழமாகக் கொத்துதற்கு மிக நெடிய பிடி உதவாது என்பது உண்மையே. ஓங்கும்போது கை தடுமாறும். ஆதலாற் கொத்துவதற்கு ஒன்றும், சாறுவதற்கும் வாய்க்கால் திருப்புவதற்கும் நெடும்பிடியுள்ள இலேசான ஒன்றுமாக இரண்டு வைத்திருப்பது சிறந்தது. புதுப்பிடி போடும் செலவு ஒரு நாட் கூலியிலும் குறைவு. இரும்பு தீட்டப்படாமல் மொட்டையாயிருப்பின், பிடி எவ்வளவு பொருத்தமாயிருப்பினும் பயனில்லை. மொட்டை மண்வெட்டி ஒரு கொத்தை இரண்டாக்கும். செருக்காத உழவாரமும் அவ்வாறே.

கொத்தும்போது ஒரு காலை முன்வைத்து, முழங்கால்களைச் சற்றுத் தளர்த்தி நிற்க வேண்டும். வெட்டிய மண்ணை இடுப்பைத் திருகி எறியாது, காலை எடுத்து வைத்துத் திரும்பிப் போடவேண்டும். குனிதலும் திருகுதலும் ஒருங்கே நிகழும் அசைவே இடைத்தட்டுக்கு மிகக் கொடியது. வரம்பின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்குப் போனதும் முன்கையையும் பின்கையையும் மாற்றிப் பிடித்துப் பழகுதல் நன்று. முதற் கிழமை அது கைக்கு வராது, பின் வந்துவிடும்.

நடுகையும் புல்லுச் செருக்குதலும்

மண்வெட்டிக்கு நெடும்பிடி போடலாம். வெங்காயம் நடும் விரலுக்குப் பிடி போட முடியாது. இங்கு நாரியைக் காப்பாற்றக் குந்தினால் முழங்கால் நோகிறது. பீக்கிங் நகரத்து முதியோரிடையே செய்து 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், இளவயதில் நாளொன்றுக்குப் பலமணி நேரம் குந்தியிருந்தோருக்கு முதுமையில் முழங்கால் மூட்டுத் தேய்வு மிகுதியாகக் காணப்பட்டது. குந்துதல் தீது என்பது இதன் பொருளன்று. சிறிது நேரம் குந்துதல் மூட்டைத் தளர்வாக வைத்திருக்கும்; மணிக்கணக்காகக் குந்துதலே தேய்க்கும்.

ஆகவே நிலையை மாற்றி மாற்றி நடுதல் வேண்டும். ஒரு பாத்தி குனிந்தும், ஒரு பாத்தி குந்தியும், ஒரு பாத்தி ஒற்றை முழங்காலை ஊன்றியும் நடலாம். முழங்காலின் கீழ் நாலாக மடித்த சாக்கை வைத்துக்கொள்ளலாம். ஒரு சாண் உயரமான சிறு பலகை இருக்கை எல்லாவற்றிலும் மேலானது. அதைப் பின்னே தள்ளிக்கொண்டே நடலாம். பாத்தியை அகலமாகக் கட்டுவதும் நோவுக்கு ஒரு காரணம். இருபுறமிருந்தும் கை நீட்டினால் நடுவை எட்டத்தக்க அகலமே போதும். எட்டி எட்டி நடும் கைக்கு, மேலே கூறிய துலாக் கணக்கின்படி நாரியே விலை கொடுக்கிறது.

நெல்வயலிற் களை பிடுங்குவோர் பிடுங்கிய களையைக் கையிலே சேர்த்துக்கொண்டே நெடுந்தூரம் குனிந்து செல்வர். சிறு சிறு பிடியாக வரம்பிலே கொண்டுபோய் எறிவது வேலையைத் தாமதப்படுத்துவதுபோலத் தோன்றும். அவ்வாறு எறியப் போகும் பத்தடி நடையே முதுகின் ஓய்வாகும். அரிவு வெட்டுக்கு இன்று இயந்திரம் வந்துவிட்டது. அது புகமுடியாத மூலைகளில் அரிவாள் பிடிப்போருக்கும் இதுவே பொருந்தும்.

மூடையும் தெளிகருவியும்

யூரியா மூடை 50 கிலோகிராம். சர்வதேசத் தொழில் அமைப்பு 1967ஆம் ஆண்டு செய்த பரிந்துரையில், வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் பாரத்துக்கு 55 கிலோகிராமை உச்ச எல்லையாகக் குறித்தது. அமெரிக்க அரசின் தொழிற் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1991ஆம் ஆண்டு வகுத்த கணக்கின்படி, எல்லா வசதிகளும் பொருந்திய நிலையிலே தானும் 23 கிலோகிராமுக்கு மேற் தூக்குதல் ஆபத்தைக் கூட்டும். ஆகவே ஒரு மூடை பசளை ஒருவருக்கு இரண்டு மடங்குச் சுமை. கடையில் அதனை ஏற்ற ஆள் உண்டு. தோட்டத்தில் இறக்குவதற்கே ஆள் இல்லை. மூடையை மிதியுந்தின் பின்னிருக்கையிலிருந்து நிலத்தில் இறக்காமல், முதலில் இடுப்பளவு உயரமான கிணற்றுக்கட்டில் அல்லது திண்ணையில் வைத்து, அங்கேயே பிரித்துக் கடகத்தில் அரைவாசி அரைவாசியாக எடுத்துச் செல்லலாம். நிலத்திலிருந்து தூக்குதலே அதிக கடினம். இடுப்பளவிலிருந்து தூக்குதல் அவ்வளவன்று. நீர் இறைக்கும் இயந்திரத்தை வீட்டிலிருந்து கிணற்றுக்கு நாள்தோறும் கொண்டுபோய் வருவோர் இருவராகத் தூக்குவதோ, இரண்டு சில்லுப் பூட்டிய சட்டத்தில் வைத்து உருட்டுவதோ நலம்.

முதுகிற் சுமக்கும் 16 லீற்றர்த் தெளிகருவியில் நீரின் நிறை மட்டும் 16 கிலோகிராம். அதனை நிலத்திலிருந்து ஒற்றைத் தோளில் வாரித் தூக்கித் திருகி மாட்டுவது இளைஞர் பலரின் வழக்கம். நிரப்பிய கருவியை உயரமான கட்டில் வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று, இரண்டு பட்டிகளையும் மாட்டி, இடுப்போடு இறுக்கிக்கொண்டு எழ வேண்டும். முழுவதும் நிரப்பாமல் முக்காற்பங்கு நிரப்பினால் ஒரு நடை கூடும், தோள் தப்பும்.

நாரி பிடித்தால்

இத்தனையும் செய்தும் ஒருநாள் நாரி பிடிக்கலாம். முன்னாளில் வைத்தியர் பலர் கிழமைக்கணக்காகப் படுக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியிலே, ஏழு நாள் படுத்தவர்களுக்கு இரண்டு நாள் படுத்தவர்களிலும் அதிக நன்மை காணப்படவில்லை. வேலை நாட்களே கூடுதலாகக் கெட்டன. பின்லாந்தில் 1995ஆம் ஆண்டு, இயன்றவரை வழக்கமான அலுவல்களைச் செய்தவர்களே விரைவிற் குணமடைந்தனர். ஆகவே முதல் ஓரிரு நாள் இதமான நிலையில் ஓய்ந்திருந்தபின் மெதுவாக நடக்கத் தொடங்க வேண்டும். படுக்கையிலிருந்து நேரே எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழவேண்டும். சூடான ஒத்தடமும் எண்ணெய் பூசித் தடவுதலும் இதம் தரும். நாரியை இறுகக் கட்டும் பட்டியை உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், நாட்பட்ட நாரி நோவுக்கு உகந்ததெனக் கொள்ளவில்லை.

நோவுக் குளிசைகளைப் பற்றி எச்சரிக்கை அவசியம். வைத்தியரைக் கேளாது கடையிலே வாங்கி, வெறுவயிற்றில் விழுங்கி, வெயிலில் நீர் குடியாது கொத்தப் போவது வயிற்றிலே புண்ணை உண்டாக்கலாம். நீர் வற்றிய உடம்பிலே சிறுநீரகத்துக்கும் கேடு செய்யலாம். அன்றியும் குளிசை நோவை மறைத்துவிடுவதால் அன்றே பாரந்தூக்கத் துணிவு வந்துவிடுகிறது. சுருட்டுப் புகைப்போருக்கு நாரி நோவு அதிகம் என்பதும் பல நாடுகளிற் காணப்பட்டது. புகையிலை விளைவிக்கும் ஊர்களில் இதனைக் கூறுவது பலருக்கு உவப்பாயிராது.

சில நோவுகள் பொறுத்துப் பார்க்கத்தக்கவை அல்ல. கால் விறைத்துப் பலங்குன்றிப் பாதம் தூக்கமுடியாமற்போதல், தொடைகளின் இடையிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி கெடுதல், சிறுநீர் போகாமை அல்லது அடக்கமுடியாமை ஆகியவற்றில் எதுவாயினும் தோன்றினால், அன்றைக்கே, இரவாயினும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நரம்பு நெரிபட்டு அதிக நேரம் கழிந்தால் அக்குறை நிரந்தரமாகிவிடும். மரத்தால் விழுந்தபின் வந்த நோவும், காய்ச்சலோடும் உடம்பு மெலிவோடும் வரும் நோவும், இரவிற் படுக்கையிலும் தணியாத நோவும் வைத்தியருக்குக் காட்டவேண்டியவை. இவற்றில் முதலிற் கூறிய குறிகளுக்குத் தடவுதலும் முறித்தலும் செய்விக்கலாகாது.

நோவு தணிந்து தோட்டத்துக்குத் திரும்புபவர் முதற் சில நாளும் தண்ணீர் மாறுதலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்து நெடும்பிடி மண்வெட்டியாற் சாறுதல், அரை மணி நேரத்துக்கு மேற்படாமல். கொத்துதலும் மூடை தூக்குதலும் அதன்பின். நாரி ஒருமுறை பிடித்தவருக்கு மறுமுறையும் பிடிப்பது பெரும்பாலும் முதலாண்டிலேயே ஆகையால், அவ்வாண்டு நடுகைக்கு முன்னரே பலகை இருக்கையைச் செய்து வைத்தலும், பிடியை அளந்து போடுதலும், தண்ணீர் மாறுதற்கும் நடுகைக்கும் யார் யாரோடு மாறுவது என்பதை வீட்டிற் பேசி முடிவு செய்தலும் தக்கவை.